சாவித் துவாரம் இல்லாத பூட்டு

இன்று அந்த வாக்கியத்தைத் தெரிந்துகொண்டே தீருவது என்று பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டார் சாவிக்காரர். நுரை வழியும் வாயோடு கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஒரு தடவை ஆட்டினார். கண்ணாடியில் இருந்தவரும் ஆட்டினார். அந்த வீட்டில் அவர் சொன்னதற்கு உடனே தலையாட்டும் ஒரே ஆள் அவர்தான்.

சாவிக்காரரைச் சாதாரணப் பூட்டுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. கடைவீதி முனையில் இருக்கும் அவர் கடையின் பலகையில் 'மனிதன் செய்த எந்தப் பூட்டும் திறக்கப்படும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கார் கதவு, இரும்புப் பெட்டி, கோபித்துக்கொண்டு உள்ளே போய்ப் பூட்டிக்கொண்ட மருமகளின் அறை, எதுவானாலும் ஆள் வந்து கூப்பிடும். கையில் ஒரு வளைந்த கம்பி, உதட்டில் ஒரு விசில். விசில் முடிவதற்குள் பூட்டு வாயைப் பிளந்துவிடும்.

பஸ் நிலையத்துக்கு எதிரே புதிதாக வந்த லாட்ஜுக்கு மொத்தப் பூட்டும் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது பெருமை தாங்கவில்லை.

"இதைக் கேளு. அறைக்காரர் சாவி போட்டாலும் திறக்கும். மானேஜர் கையில இருக்கிற மாஸ்டர் சாவி போட்டாலும் திறக்கும். பூட்டு ஒண்ணு, சாவி ரெண்டு. இந்தச் சாவிக்கு அந்தச் சாவியைப் பத்தித் தெரியவே தெரியாது! எப்படி?"

"அட!" என்றாள் மனைவி, நிஜமாகவே வாயைத் திறந்து. அந்த 'அட'வை அவர் ஒரு வாரம் வரை மனசுக்குள் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. வீட்டுப் பாத்ரூம் கதவை மட்டும் பூட்டமாட்டார். சும்மா சாத்தி வைத்துக்கொண்டு, யாரும் வந்துவிடாமல் இருப்பதற்காக உரக்கப் பாடிக்கொண்டே குளிப்பார். அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் ஜன்னலைச் சாத்தினார்களே தவிர, காரணம் கேட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் இப்போது ஒரு பூட்டு பெப்பே காட்டிக்கொண்டிருந்தது. அதுவும் வெளியில் எங்கோ இல்லை. சொந்த வீட்டில், சமையலறைக்கு எதிரே, ஹாலில் கிடந்த மேஜை மேல்.

அவர் மனைவிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றி வாயால் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இவள் அதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடித்து அனுப்புவாள். யாருக்குக் கல்லடைப்பு, யாருக்கு மூலம் என்பதெல்லாம் அந்த லேப்டாப்புக்குள் அடக்கம். லேப்டாப் களவு போனால் ஊர் மானமே சேர்ந்து போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஒரு நாள் திடீரென்று உறைத்தது. உடனே தங்கள் கம்ப்யூட்டர் ஆளை அனுப்பி வைத்தார்கள்.

வாசலில் ஷூவைக் கழற்றும்போதே வாசனை மட்டும் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. ஆள் பிறகுதான் வந்தார். கசங்காத சட்டை, ஒழுங்காக வெட்டிய தாடி, தொண்டைக்குள் தேன் தடவின மாதிரி ஒரு குரல். சாவிக்காரர் அந்த நிமிஷமே மனசுக்குள் பெயர் சூட்டிவிட்டார்: செண்ட் பாட்டில்.

"மேடம், உள்ளே இருக்கிற டிஸ்க் முழுசையும் பூட்டியாச்சு" என்றார் செண்ட் பாட்டில். "இனிமே ஆன் பண்ணதும் முதல்ல ஒரு கறுப்புத் திரை வரும். ரகசிய வாக்கியம் கேக்கும். சரியா அடிச்சாத்தான் மேற்கொண்டு நகரும். இல்லேன்னா இது வெறும் தகரம்."

"கழட்டி உள்ளே இருக்கிறதை வெளியில எடுத்துட்டா?" என்றார் சாவிக்காரர், தொழில்முறையில்.

"எடுங்க சார். பார்த்தா குப்பை மாதிரிதான் இருக்கும். ஒரு எழுத்துப் புரியாது."

"செஞ்சவனுக்கு ஒரு குறுக்கு வழி தெரியாம இருக்குமா?"

"தெரியாது சார்."

"உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாது. மேடம் மறந்துட்டா மேடத்தையே உள்ளே விடாது."

"அப்ப சாவித் துவாரமே கிடையாதுங்கறீங்க."

"கிடையவே கிடையாது சார்" என்று செண்ட் பாட்டில் சிரித்தார். சாவிக்காரருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அதுகூடப் பெரிதில்லை. பெரிய அடி இனிமேல்தான் இருந்தது.

"பேரு, பிறந்த நாள் எல்லாம் வேண்டாம் மேடம். நீளமா ஒரு வாக்கியமா வெச்சுக்கங்க. அது உங்க மனசுக்குள்ளேயே இருக்கணும், வேற யாருக்கும் தெரியக் கூடாது. நினைச்சாலே சிரிப்பு வர்ற மாதிரி இருந்தா ரொம்ப நல்லது. ஜென்மத்துக்கும் மறக்காது."

அவள் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். பல் தெரியாத சிரிப்பு. இடது கன்னத்தில் மட்டும் குழி விழுகிற சிரிப்பு. அந்தக் குழியைக் கல்யாண ஆல்பத்துக்கு அப்புறம் சாவிக்காரர் பார்த்ததாக ஞாபகமே இல்லை.

"நான் அடிக்கிறேன். திரும்பிக்கங்க" என்றாள்.

செண்ட் பாட்டில் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நீங்களும்தாங்க."

"நானா?"

"ஆமா, நீங்களும்தான்."

சாவிக்காரர் திரும்பினார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவரும், காலையில் வந்து இறங்கிய செண்ட் பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே சுவரைப் பார்த்தார்கள். முதுகுக்குப் பின்னால் டைப் அடிக்கும் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு நீளமாக அவள் எதைத்தான் மனசில் வைத்திருக்கிறாள்? யாரைப் பற்றி? பொறாமை என்பது வயிற்றில்தான் எரியும் என்று சொல்வார்கள். சாவிக்காரருக்கு அது காதிலிருந்து ஆரம்பித்தது.

அன்றிலிருந்து தினம் காலையில் இதே கூத்து. அவள் லேப்டாப்பைத் திறப்பாள். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி நின்று கண் சிமிட்டும். அவள் அடிப்பாள். அடித்த எழுத்துக்குப் பதிலாக ஒரு புள்ளிகூடத் தெரியாது. பாதி வாக்கியத்தில் கன்னத்தில் குழி விழும். கடைசியில் ஒரு தட்டு, பெட்டி திறந்துகொள்ளும். சாவிக்காரர் சமையலறை வாசலில் நின்று, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அப்படி என்னதான் வெச்சிருக்கே?" என்று ஒரு நாள் கேட்டார், சும்மா கேட்பது போல.

"அதைச் சொல்லிட்டா அப்புறம் பூட்டு எதுக்குங்க?"

"நான் யாரு? வெளியாளா?"

"பெரிய வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்துட்டு வந்தீங்களே. உள்ளே என்ன இருந்துச்சுன்னு கேட்டேன். சொன்னீங்களா?"

"அது தொழில் தர்மம்."

"இதுவும் தொழில் தர்மந்தான்."

போதாக்குறைக்கு வாரம் தவறாமல் செண்ட் பாட்டில் போன் பண்ணி, "பிரச்சினை ஒண்ணும் இல்லையே மேடம்?" என்று விசாரிப்பார். "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்பாள் இவள், சிரித்துக்கொண்டே. எல்லாம் நல்லா இருக்காமே! கட்டினவர் பல் தேய்க்கும்போதே கறுவிக்கொண்டு நிற்கிறார், அவளுக்கு எல்லாம் நல்லா இருக்கிறது.

அதனால்தான் இன்றைய முடிவு. அவள் காய்கறி வாங்கப் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கியதும் சாவிக்காரர் மேஜை முன்னால் உட்கார்ந்தார். விரலை நெட்டி முறித்தார். பட்டனை அழுத்தினார். கறுப்புத் திரை வந்தது, வாக்கியம் கேட்டது.

அந்தத் திரைக்கு இங்கிலீஷ் எழுத்துத்தான் தெரியும். தமிழை அந்த எழுத்தில்தான் அடிக்க வேண்டும். சாவிக்காரர் ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பிடித்து, 'என் கணவர் ரொம்ப நல்லவர்' என்று அடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கடைசித் தட்டைத் தட்டினார்.

தவறு என்றது திரை.

சரி, ரொம்ப என்பது கொஞ்சம் அதிகம்தான். 'என் கணவர் நல்லவர்' என்று அடித்தார். தவறு. கௌரவத்தை விட்டு இறங்கி வந்து, 'என் கணவர் பரவாயில்லை' என்று அடித்தார்.

அதுவும் தவறு. மூன்று தடவை தவறியதும் திரை உறைந்துபோயிற்று. அணைத்து, மறுபடி போட்டார். இந்தத் தடவை 'கம்ப்யூட்டர் சார் குரல் இனிமை' என்று அடித்தார். தவறு என்று வந்தபோது போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் ஒரு நிமிஷம்தான். குரல் இல்லையென்றால் தாடியாக இருக்கலாமே? தாடியை அடித்தார். சட்டையை அடித்தார். திரை மறுபடி உறைந்து நின்ற நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"யாருங்க இதைத் தொட்டது?" என்றாள் அவள், பையைக்கூடக் கீழே வைக்காமல்.

"யாரும் தொடலையே. கரண்ட் போச்சு. அதான் நின்னுடுச்சு போல."

"பேட்டரியில ஓடுறதுக்குக் கரண்ட் போனா என்ன?"

சாவிக்காரர் யோசித்தார். "பெரிய கரண்டா போச்சு" என்றார்.

அவள் அணைத்துப் போட்டாள். அடித்தாள். பாதியில் குழி விழுந்தது. பெட்டி திறந்தது.

கடைக்குப் போனவருக்கு வேலை ஓடவில்லை. சைக்கிள் பூட்டுக்கு வந்தவரிடம் பீரோ சாவியைக் கொடுத்து அனுப்பினார். பக்கத்துக் கடை சலூன்காரர் கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தார். ஊரில் எந்த வீட்டுச் சங்கதியும் அவர் நாற்காலியில் உட்காராமல் போவதில்லை.

"என்னண்ணே, முகம் ஒரு தினுசா இருக்கு?"

சாவிக்காரர் கொட்டித் தீர்த்தார். சலூன்காரர் கண்ணை மூடி, சீப்பால் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"இதுக்கா கவலைப்படறீங்க? என் தொழில்ல தலைக்குப் பின்னாடி இருக்கிறதையே காட்டறோம். கைக்கு முன்னாடி இருக்கிறதைக் காட்ட முடியாதா? ஒரு கண்ணாடியை மாட்டுங்கண்ணே. மேஜைக்கு எதிர்ச் சுவத்துல, கொஞ்சம் சாய்ச்ச மாதிரி. நீங்க சமையலறை வாசல்ல நின்னாலே போதும், அண்ணி விரல் எந்த எழுத்துல போகுதுன்னு சினிமா மாதிரி தெரியும்."

சாயங்காலமே கண்ணாடி வாங்கி, ஆணி அடித்து, அளவு பார்த்துச் சாய்த்து மாட்டிவிட்டார்.

அவள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "எனக்கா வாங்கினீங்க?"

"பின்னே யாருக்கு?"

"நானே கேக்கணும்னு இருந்தேன். வாரா வாரம் அந்த சார் வீடியோவில வேற கூப்பிடறார். தலை கலைஞ்சு கிடக்கா, பவுடர் திட்டா இருக்கான்னு ஒண்ணும் தெரியலை."

சாவிக்காரருக்குப் பகீரென்றது. வீடியோவா? இத்தனை நாள் வெறும் போன் என்றல்லவா நினைத்திருந்தார்!

மறுநாள் காலை சமையலறை வாசலில் நின்று கண்ணாடியை உற்றுப் பார்த்தார். விரல் தெரிந்தது. ஆனால் அந்த விரல் டைப்பில் போகவில்லை, கூந்தலில் போயிற்று. தலையைக் கோதினாள், புருவத்தைத் தடவினாள், பொட்டைச் சரி செய்தாள். அப்புறம்தான் லேப்டாப்பைத் திறந்தாள். அடிக்க ஆரம்பித்தபோது கண்ணாடியில் அவள் கண் நேராக அவர் கண்ணைப் பார்த்தது.

"என்னங்க அப்படிப் பார்க்கறீங்க, புதுசா கல்யாணம் ஆனவர் மாதிரி?" என்று வெட்கப்பட்டாள். "போங்க, போய்க் குளிங்க."

அவர் பாத்ரூமுக்குள் போய்ப் பாட ஆரம்பிப்பதற்குள் பெட்டி திறந்துவிட்டது. அதிலிருந்து அவள் தினமும் முன்பைவிட நன்றாக உடுத்திக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தாள். செண்ட் பாட்டிலுக்காகத் தன் மனைவியைத் தானே சிங்காரித்து அனுப்புகிற மாதிரி சாவிக்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண்ணாடியைக் கழற்றவும் முடியவில்லை. அன்பாக வாங்கி வந்த பரிசாகிவிட்டதே அது!

எரிகிற வயிற்றில்தான் நல்ல யோசனை பிறக்கும் என்று அவருக்கு ஒரு எண்ணம். ஒரு நாள் கடையில் மாற்றுச் சாவி ஒன்றை ராவிக்கொண்டிருந்தபோது அது பிறந்தது. ஓடாத குறையாக வீட்டுக்கு வந்தார்.

"நான் ஒண்ணு கேக்கறேன். இந்த வீட்டுச் சாவிக்கு மாத்துச் சாவி இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"பீரோவுக்கு?"

"இருக்கு."

"உன் பெட்டிக்கு மட்டும் ஏன் இல்ல? நாளைக்கு உனக்குக் காய்ச்சல் வந்து நாக்குக் குழறினா? வாக்கியம் மறந்துபோச்சுன்னா? ஊர் ஜனத்தோட கல்லடைப்பெல்லாம் உள்ளேயே அடைச்சுக்கிட்டு நிக்கும். ஒரே சாவியை நம்பி உலகத்துல எவனும் பூட்டுப் போடமாட்டான். பூட்டுக்காரனா சொல்றேன்."

அவள் யோசித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொல்றதும் நியாயந்தான். சாரைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

சாரைக் கேட்க வேண்டுமாம்! பொறுத்துக்கொண்டார். காரியம் பெரிது. செண்ட் பாட்டில் நேரிலேயே வந்தார். வாசனை முன்னால் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தது. "நீங்க கொஞ்சம் டீ போடுங்களேன்" என்று சாவிக்காரர் சமையலறைக்குள் அனுப்பப்பட்டார். ஹாலில் குசுகுசுப் பேச்சும் டைப் சத்தமும் கேட்டன. அவர் ஆத்திரத்தில் மூன்று கரண்டி சர்க்கரையை அதிகமாக அள்ளிப் போட்டார். "டீ பிரமாதம் சார்" என்று குடித்துவிட்டுப் போனார் செண்ட் பாட்டில்.

கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்குச் சொல்லிடறேன். ஆனா எங்கயும் எழுதி வைக்கக் கூடாது."

"சத்தியமா மாட்டேன்."

"கோவிச்சுக்கக் கூடாது."

"நானா? கோவமா?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் அவர் காதருகே குனிந்தாள். மெல்லச் சொன்னாள்:

"பாத்ரூமுக்குள்ள மாட்டிக்கிட்ட பூட்டுக்காரரை நான்தான் கொண்டை ஊசியால காப்பாத்தினேன்."

சாவிக்காரருக்கு முதலில் காது சிவந்தது. அப்புறம் கண் கலங்கியது.

அது கல்யாணமான மறுநாள் நடந்த சங்கதி. மாமனார் வீட்டுப் பாத்ரூமில் கைப்பிடிப் பூட்டு சிக்கிக்கொண்டது. உள்ளே மாப்பிள்ளை, இடுப்பில் துண்டு, கையில் சோப்பு. ஹாலில் மாமனார், "நம்ம மாப்பிள்ளை தொட்டாலே பூட்டுத் திறந்துக்கும்" என்று வந்தவர்களிடம் அளந்துகொண்டிருக்கிறார். கத்தவும் வழியில்லை. கதவிடுக்கில் வாயை வைத்து ஈன சுரத்தில் புது மனைவியை மட்டும் கூப்பிட்டார். அவள் வந்தாள், தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள், ஒரே திருப்பு, கதவு திறந்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இன்று வரை அவள் மூச்சு விடவில்லை.

அதைத்தானா இவள் மனசுக்குள் வைத்துத் தினம் சிரித்தாள்? அந்தக் குழி தனக்காகத்தான் விழுந்ததா? செண்ட் பாட்டிலாவது, தாடியாவது! சாவிக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒரு மடையன்" என்றார்.

"தெரியுங்க" என்றாள் அவள் பாசமாக.

மறுநாளிலிருந்து லேப்டாப்பைத் திறப்பது அவர் வேலையாகிவிட்டது. அவரே வலியக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் எழுவதற்கு முன்பே எழுந்து, பட்டனை அழுத்தி, ஒற்றை விரலால் பாத்ரூமிலிருந்து ஆரம்பித்துக் கொண்டை ஊசி வரை தேடித் தேடி அடிப்பார். ஊசி வரும் இடத்தில் அவருக்கே சிரிப்பு வரும். பெட்டி திறந்ததும் விசில் அடிப்பார். "எப்படியும் எழுந்துட்டீங்க, அந்த டீயையும் போட்டுட்டா என்ன?" என்றாள் அவள். போட்டார். "டீ குடிச்ச டம்ளர்தானே?" என்றாள். கழுவினார். சந்தோஷமாக இருக்கிற மனுஷனுக்கு வேலை ஒரு பாரமா? வேலைக்கு உட்காரும்போது அவள் எவ்வளவு உடுத்திக்கொண்டாலும் இப்போது அவருக்கு உறுத்தவில்லை.

சலூன்காரரிடமும் பீற்றிக்கொண்டார். "திறந்துட்டேன்யா! பலகையில எழுதியிருக்கிறது சும்மாவா?"

"அப்படி என்னண்ணே வாக்கியம்?"

"அது..." சாவிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அது புருஷன் பெண்டாட்டி சமாசாரம்."

சலூன்காரர் பொறாமையோடு பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொறாமைப்படாமல் பொறாமைப்படவைத்த சுகத்தைச் சாவிக்காரர் அனுபவித்தார்.

அந்தச் சுகம் ஒரு மத்தியான வேளையில் போயிற்று. பட்டறைக்குள் குனிந்திருந்தவர் மூக்கில் அந்த வாசனை ஏறியது. நிமிர்ந்தால், செண்ட் பாட்டில்.

"சார், பைக் சாவிக்கு ஒரு மாத்துச் சாவி வேணும்."

"உங்களுக்கு இல்லாததா? உட்காருங்க தம்பி" என்றார் சாவிக்காரர். தம்பி! அவ்வளவு தாராளம்.

"நீங்க மேடத்துக்குச் சொன்ன யோசனை ரொம்ப நல்ல யோசனை சார். நிறையப் பேருக்குத் தோணாது."

"தொழில் அனுபவம் தம்பி."

"அதான் மேடமும் சொன்னாங்க. லாட்ஜ் பூட்டை வெச்சு நீங்க விளக்கினீங்களாமே, ஒரு பூட்டு, ரெண்டு சாவி, இதுக்கு அதைப் பத்தித் தெரியாதுன்னு? அதே மாதிரி முடியுமா சார்னு கேட்டாங்க. தாராளமா முடியும், அந்த டிஸ்க்குக்கு எட்டு வாக்கியம் வரைக்கும் போடலாம்னேன். உங்களுக்குன்னு தனியா ஒண்ணு போட்டுக் கொடுத்தோம். நல்லாத் திறக்குதுல்ல?"

சாவிக்காரர் கையிலிருந்த அரம் நின்றது.

"தனியான்னா... அவளோடது?"

"அது அவங்களோடது. அப்படியே இருக்கு சார்."

பைக் சாவியைப் பாதி ராவியபடியே போட்டுவிட்டுக் கடையைச் சாத்தினார். நடையா ஓட்டமா என்று தெரியாத ஒரு வேகத்தில் வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளினார். அவள் மத்தியானத் தூக்கம் முடிந்து அப்போதுதான் மேஜைக்கு வந்திருந்தாள். திரை கறுப்பாக இருந்தது.

"வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. திறந்து விடுங்க."

"மாட்டேன்! உன் சாவியால நீயே திற!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதற்றமே இல்லை. "சார் கடைக்கு வந்தாரா?"

"வந்தார்! நீ எனக்குக் கொடுத்தது அறைச் சாவி. மாஸ்டர் சாவி உன்கிட்ட. என்னையே ஏமாத்திட்டியே! இத்தனை நாள் நான் விசில் வேற அடிச்சேன்!"

"ஒண்ணு கேக்கறேன். லாட்ஜுல தங்க வந்தவர் உங்ககிட்ட மாஸ்டர் சாவி கேட்டா கொடுப்பீங்களா?"

"எப்படிக் கொடுப்பேன்? தொழில் தர்மம்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தவர், தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டார். கையை எடுத்ததும் கோபம் இரண்டு மடங்காக வெளியே வந்தது. "இதை நான் சும்மா விடமாட்டேன். சலூன்காரனைக் கூப்பிடறேன். உங்க அப்பாவைக் கூப்பிடறேன். நாலு பேர் முன்னாடி நியாயம் கேக்கறேன்!"

"தாராளமா கூப்பிடுங்க. முதல்ல அவங்க என்ன கேப்பாங்க தெரியுமா? உங்களுக்குக் கொடுத்த வாக்கியம் என்னன்னு கேப்பாங்க."

சாவிக்காரர் சலூன்காரர் முகத்தை நினைத்துப் பார்த்தார். கொண்டை ஊசியை நினைத்தார். கடைப் பலகையை நினைத்தார். மெதுவாக வந்து உட்கார்ந்தார்.

"வெளியில வாய் விட்டுச் சொல்லவே முடியாத வாக்கியமா வெச்சாத்தான் பத்திரம்னு சார் சொன்னாருங்க" என்றாள் அவள், ஆறுதலாக.

கறுப்புத் திரையில் அந்த ஒற்றை வரி கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. சாவிக்காரரின் கோபம் வடிந்துவிட்டது. அடியில் கிடந்த பொறாமை மட்டும் வடியவில்லை. அது அவரை விட்டு எங்கே போகும்?

"சரி, வாக்கியம் வேண்டாம்" என்றார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அதுல நான் இருக்கேனா, இல்லையா?"

அவள் அவரைப் பார்த்தாள். இடது கன்னத்தில் குழி விழுந்தது.

"இருக்கீங்க."

சாவிக்காரர் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "எந்த இடத்துல?"

"சிரிப்பு வர்ற இடத்துல. இப்ப நான் அடிக்கணும், திரும்பிக்கங்க."

சாவிக்காரர் எழுந்து திரும்பிக்கொண்டார். திரும்பிய பக்கம் சமையலறைதான் இருந்தது. வந்தது வந்தாயிற்று என்று போய், டீக்குத் தண்ணீர் வைத்தார்.